குபேரன் கார்டன் நினைவு வேகத்தடைகள்

அரூரிலிருந்து ஊத்தங்கரை போகிற சாலையில் குபேரன் கார்டன் ஃபேஸ் டூ என்று ஒரு நகர் இருக்கிறது. ஃபேஸ் ஒன் எங்கே என்று இதுவரை யாருக்கும் தெரியாது. மனை விற்றவரைக் கேட்கலாம் என்றால் அவர் எங்கே என்றும் தெரியாது. மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரே வீதி, இரண்டு பக்கமும் வீடுகள், கடைசியில் ஒரு திருப்பம், திருப்பத்தைத் தாண்டி ஒரே ஒரு வீடு, அதற்கப்புறம் புளியந்தோப்பு. இவ்வளவுதான் நகர். ஆனால் சங்கம் இருக்கிறது. குடிதண்ணீர்க் குழாய் வருவதற்கு முன்னாலேயே குடியிருப்போர் முன்னேற்ற நலச் சங்கம் வந்துவிட்டது.

நானும் அதில் உறுப்பினர். விரும்பிச் சேரவில்லை. சேராமல் இருந்தபோது தினமும் விடிவதற்குள் வாட்ஸப்பில் என் பெயரைக் குறிப்பிட்டு ‘ஒற்றுமையே பலம்’ என்று ஒரு ரோஜாப்பூ வரும். ஒரு மாதம் பார்த்தேன். ரோஜாப்பூவுக்குப் பயந்து போய்ச் சேர்ந்துவிட்டேன்.

தலைவர் சந்திரமோகன், ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் அவருக்கு மட்டும் இன்னும் சரியாகத் தெரியாது. செயலாளர் வீரமணி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். எங்கள் நகரில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் ஃப்ளெக்ஸ் உண்டு. சில சமயம் ஃப்ளெக்ஸ் முதலில் வந்துவிடும். நிகழ்ச்சியைப் பிற்பாடு வைத்துக்கொள்வோம்.

திருப்பத்தைத் தாண்டி இருக்கிற அந்தக் கடைசி வீடு முருகேஷுடையது. வீட்டுக்குப் பின்னால் புளியந்தோப்பை ஒட்டி அவரும் அவர் மனைவி ஜெயபிரியாவும் முட்டைக்கோழி வளர்க்கிறார்கள். காலையில் முட்டை அட்டைகளை மொபெட்டில் அடுக்கி, ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அரூர் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார் முருகேஷ். அவருண்டு, அவர் கோழியுண்டு. சங்கத்துக்கு வந்ததே இல்லை. ஒரு நாள் காலேஜ் பையன் ஒருவன் திருப்பத்தில் பைக்கைப் பறக்கவிட்டு வந்தான். ஒதுங்கப் போன முருகேஷ் முட்டையோடு சாக்கடையில் இறங்கிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகச் சங்கக் கூட்டத்துக்கு வந்தார். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அது அன்றைக்குத்தான் நடந்தது.

கூட்டத்தில் கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, தலைமையுரையைப் பாராட்டி ஓர் உரை எல்லாம் முடிந்து முருகேஷின் முறை வந்தது.

“ஒண்ணே ஒண்ணுங்க. அந்தத் திருப்பத்துல சின்னதா ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டீங்கன்னா புண்ணியமா போவும்.”

தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பதினைந்து பேர் கூடியிருந்த மொட்டை மாடிக்கு மைக் எதற்கு என்று கேட்கக் கூடாது.

“முருகேஷ் ஒரு மேடு கேக்கறாரு. வரவேற்கறேன். ஆனா நான் கேக்கறேன், ஒரு மேட்டோட நின்னுட்டா அதுக்குப் பேரு முன்னேற்றமா? நான் சர்வீஸ்ல இருந்த காலத்துல ஒரு வேலைய ஒரு தடவையில முடிச்சதா சரித்திரமே கெடையாது.”

எல்லாரும் கை தட்டினோம். வீரமணி எழுந்தார். “கோயில்ல ட்யூப் லைட்டு குடுத்தா உபயம்னு பேரு எழுதறோம் இல்லீங்களா. அதே மாதிரி மேட்டுக்கும் உபயதாரர் புடிப்போம். பேரப் படிக்கணும்னா வண்டி ஸ்லோ பண்ணித்தானே ஆவணும்? டபுள் சேஃப்டி.”

மூன்றாவது வீட்டு சாலம்மாள் உடனே கையைத் தூக்கினார். அவர் கணவர் காளியப்பன் காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. “எங்கூட்டுக்காரரு பேர்ல நான் போடறங்க. அவரு வாழ்ந்த நாள்ல எதையும் அவசரமா பண்ணதில்ல. பந்திக்குக்கூடக் கடைசியாத்தான் போவாரு. இதுக்கு அவரு பேருதான் பொருந்தும்.”

“திருப்பத்துலதாங்களே?” என்று முருகேஷ் கேட்டார்.

“அது எப்படிங்க? எங்கூட்டுக்காரரு எங்கூட்டு முன்னாடிதானே இருப்பாரு” என்றார் சாலம்மாள்.

அதில் நியாயம் இருந்தது. பூமி பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்தோம். குமார் மேஸ்திரி ஜல்லியைக் கொட்டிவிட்டு, “எம்மாம் உசரம் வெக்கறதுங்க?” என்று கேட்டார். வேகத்தடைக்கு ஓர் அளவு இருக்கிறது என்பது அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை. தலைவர் யோசித்து, “காளியப்பன் அந்தஸ்துக்குக் கொறையாம வைப்பா” என்றார். குமார் அந்தஸ்தை மனதில் வைத்துக் கலவையைப் போட்டார். மேல் பக்கத்தில் மஞ்சள் பெயிண்டால் ‘அமரர் காளியப்பன் நினைவு வேகத்தடை’ என்று எழுதி, ரிப்பன் வெட்டித் திறந்தோம். திறந்தோம் என்றால், தலைவர் அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்.

அதோடு நின்றிருக்கலாம். நிற்குமா? அடுத்த வாரமே வீரமணி தன் அப்பாவுக்கு ஒன்று போட்டார். குமார் அதே கேள்வியைக் கேட்டார். “எங்கப்பா கவுன்சிலருக்கு நின்னவரு. காளியப்பன் மேட்டவிட ஒரு செங்கல் சேத்தே வை” என்றார் வீரமணி. அவர் அப்பா தோற்றுத்தானே போனார் என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். “நின்னாரா இல்லையா?” என்று கேட்டார் வீரமணி. ஒரு செங்கல் சேர்த்தே வைத்தார்கள்.

பிறகு ஒரு வீட்டில் மாமனாருக்கு ஒன்று, மாமனாருக்குப் போட்டதால் மாமியாருக்கு ஒன்று, வெள்ளிவிழாத் தம்பதிகளுக்கு ஒன்று என்று வீதி நெடுக முளைத்தது. பூவரசன் என்கிற டெய்லர் தன்னுடைய நாய் டைகர் நினைவாக ஒன்று கேட்டார். நாய்க்கு எப்படிக் கொடுப்பது என்று இரண்டு கூட்டம் விவாதம் நடந்தது. டைகர் தன் வாழ்நாளில் ஒரு வண்டியையும் விரட்டாமல் விட்டதில்லை, வேகத்தைக் கட்டுப்படுத்துவதில் இங்கே யாருக்கும் இல்லாத அனுபவம் அதற்கு இருந்தது என்று பூவரசன் எடுத்துச் சொன்னபோது தலைவருக்கே கண் கலங்கிவிட்டது. கொடுத்துவிட்டோம்.

திருப்பத்தில் மட்டும் யாரும் போடவில்லை. திருப்பத்தில் வீடு கிடையாது.

இதெல்லாம் முருகேஷின் முட்டைக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொரு மேட்டிலும் மொபெட் மூக்கைத் தூக்கும், பிறகு தொப்பென்று விழும். மெயின் ரோட்டை அடையும்போது அட்டைகளிலிருந்து மஞ்சளாக ஒழுகிக்கொண்டிருக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் அதே கதைதான். தலையில் சுமந்துபோய்ப் பார்த்தார். மாமனார் மேட்டில் கால் தடுக்கி, மாமியார் மேட்டில் விழுந்தார். காளியப்பன் திதியன்று இன்னும் மோசம். மேட்டின் மேல் இலை போட்டு வடை பாயசம் படைத்திருந்தார்கள். காக்கா வந்து எடுக்கிறவரை வண்டி போகக் கூடாது என்றுவிட்டார்கள். காக்கா ஒரு வழியாக வந்தது. இலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக முட்டை அட்டையின் மேல் உட்கார்ந்தது.

உடைந்த முட்டையெல்லாம் வீட்டுக்கே திரும்பியது. காலையில் ஆம்லெட், மத்தியானம் முட்டைக் குழம்பு, ராத்திரி பொடிமாஸ்.

“இந்த வூட்டுல மனுசன் சோறு திங்கறதா வேணாமா?” என்று ஜெயபிரியா கத்துவது என் வீடு வரைக்கும் கேட்கும். “கோழி போடறதெல்லாம் நாமளே தின்னா, கோழிய எதுக்கு வளக்கறது? நேரா தீவனத்தையே தின்னுட்டுப் போலாம்.”

ஒரு நாள் முருகேஷ் எல்லா முட்டையையும் வேகவைத்து எடுத்துக்கொண்டு போனார். ஒன்றுகூட உடையவில்லை. பஜாரில் ஓட்டல் வைத்திருக்கிற சத்யராஜ் ஒரு முட்டையை எடுத்துத் தோசைக்கல் ஓரத்தில் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

“இதுல எப்படிப்பா ஆஃப்பாயில் போடறது?”

“முட்டைக் கொழம்பு போடுங்கண்ணா” என்றார் முருகேஷ்.

சத்யராஜ் நல்ல மனிதர், அடிக்கவில்லை. ஆனால் முடிவாக ஒன்று சொன்னார். “பை பாஸ் பக்கத்துல புதுசா பெரிய பிரியாணிக் கடை தொறக்கறேன். தொறப்பு விழா அன்னிக்கு முழு லோடும் ஒடையாம கொண்டாந்து எறக்கு. எறக்கிட்டீன்னா தெனமும் உன்கிட்டதான். ஒடஞ்சு வந்துச்சு, நாமக்கல் வண்டிக்குச் சொல்லிடுவேன். அப்பறம் என்கிட்ட வந்து நிக்காத.”

மற்ற கடைக்காரர்கள் எல்லாரும் ஏற்கெனவே கைவிட்டிருந்தார்கள். சத்யராஜும் போனால் கோழிகளைக் கறிக்கு விற்றுவிட்டு பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போகவேண்டியதுதான். இதை முருகேஷ் என்னிடம் வந்து சொன்னார். சங்கத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன்.

மனுவைத் தலைவர் இரண்டு தடவை படித்தார். “மேட்ட எடுக்கறதுல சங்கத்துக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா யாரு பேர்ல இருக்குதோ அவங்க சம்மதக் கையெழுத்து வேணும். காளியப்பன் கிட்ட வாங்கிட்டு வாங்க, மத்தவங்களப் பிற்பாடு பாத்துக்கலாம்.”

“அவரு எறந்துட்டாருங்களே” என்றார் முருகேஷ்.

“அப்ப நடைமுறைச் சிக்கல் இருக்குதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க.”

முருகேஷ் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? கடைசியில் முட்டை உடைவது மேட்டாலா, ஓட்டுகிறவராலா என்று கண்டுபிடிக்க ஓர் ஆய்வுக் குழு அமைத்தார்கள். குழுவுக்குத் தலைவர் யார்? தலைவரேதான். “ஓட்டற பக்குவம் உங்களுக்குப் பத்தல. நான் பின்னாடி குந்திக்கறேன். அட்டைய என் மடியில வைங்க” என்றார்.

வெள்ளை வேட்டி சட்டையோடு மொபெட்டில் ஏறி, மடியில் ஓர் அட்டை முட்டையை வைத்துக்கொண்டார். நகரே வாசலில் நின்று பார்த்தது. டைகர் மேட்டைத் தாண்டியதும் “பாத்தீங்களா, ஒண்ணும் ஆவல” என்று கையை ஆட்டினார். கையை ஆட்டியிருக்கக் கூடாது. வெள்ளிவிழா மேட்டில் முதல் ஓசை கேட்டது. மாமியார் மேட்டில் தலைவரின் பேச்சு நின்றது. வீரமணியின் அப்பா மேட்டில் வண்டி ஏறிய வேகத்தில் தலைவர் கொஞ்சநேரம் எதன் மேலும் உட்காராமல் இருந்தார். காளியப்பன் மேட்டில் இறங்கும்போது அவர் மீசையிலிருந்து வெள்ளைக்கரு சொட்டிக்கொண்டிருந்தது. சாலம்மாள் ஓடிப்போய்த் துண்டு கொண்டுவந்தார்.

அன்று மாலையே ஆய்வறிக்கை வாசிக்கப்பட்டது.

“நேர்ல பாத்ததச் சொல்றேன்” என்றார் தலைவர். குளித்துவிட்டு வந்திருந்தாலும் வாடை போகவில்லை. “மேடு அதோட எடத்துலதான் இருந்துச்சு. நான் என் எடத்துலதான் இருந்தேன். ஒடஞ்சது முட்டை. அப்ப தப்பு யாரு மேல? முட்டை மேல. முட்டையப் போட்டது யாரு? கோழி. இதுல சங்கம் எங்க வருது?”

கோழிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மறுநாள் முருகேஷின் கோழிக் கொட்டகை வாசலில் வீரமணி ஒரு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டுப் போனார். ‘உறுதியான முட்டை, உயர்வான நகர்’ என்று எழுதி, பக்கத்தில் தலைவர் கும்பிட்டுக்கொண்டிருக்கிற படம். கோழிகளை நோக்கிக் கட்டியிருந்தார். அதைப் பார்த்து இரண்டு நாளைக்குக் கோழிகள் முட்டையே போடவில்லை என்று ஜெயபிரியா சொன்னார்.

சத்யராஜ் கடைத் திறப்பு விழா நாளும் வந்தது. அன்றைக்கென்று பார்த்து எங்கள் சங்கத்துக்கும் விழா. மெயின் ரோட்டு முகப்பில், தலைவர் சந்திரமோகனின் பொதுச்சேவையைப் பாராட்டி, அவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு வேகத்தடை. உபயம் அவரே. இருப்பதிலேயே பெரியது, குமார் அதற்குச் சாரம் கட்டாத குறைதான். சிறப்பு விருந்தினர் தருமபுரியிலிருந்து வருகிற போர்வெல் அதிபர். அவர் வீதி முழுவதும் ஊர்வலமாக வருவார், ஒவ்வொரு உபயதாரர் குடும்பமும் தங்கள் தங்கள் மேட்டில் ஆரத்தித் தட்டோடு நின்று வரவேற்க வேண்டும் என்று உத்தரவு.

விருந்தினரின் கார் வந்தது. முகப்பு மேட்டில் ஏறியது. முன் சக்கரங்கள் நகருக்குள்ளும் பின் சக்கரங்கள் மெயின் ரோட்டிலுமாக வயிற்றில் தட்டி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. டிரைவர் முறுக்க முறுக்கச் சக்கரம் காற்றில் சுற்றியது. டிரைவர் இறங்கப் பார்த்தால் கார் பின்னால் சாய்கிறது, அதிபர் இறங்கப் பார்த்தால் முன்னால் சாய்கிறது. இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்துவிட்டார்கள். நிகழ்ச்சி நிரலை மாற்றக் கூடாது என்பதால் தலைவர் மைக்கைப் பிடித்துக் கார் கண்ணாடியைப் பார்த்தே தலைமையுரையைத் தொடங்கினார்.

“இந்த வருஷம் நம்ம நகர்ல ஒரு விபத்துகூட இல்லைன்னு பெருமையோட சொல்லிக்கறேன். பால் வண்டி வர்றதில்ல, ஸ்கூல் வேன் வர்றதில்ல, கேஸ் சிலிண்டர் வண்டி மெயின் ரோட்லயே போட்டுட்டுப் போயிடுது. வண்டியே வராத எடத்துல விபத்து எப்படி வரும்? இதுதான் நிர்வாகம்.”

ஜன்னல் வழியாக அதிபருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சின்னதாகக் கார் ஆடியது.

வீதியின் மறுகோடியில் முருகேஷ் அட்டைகளைக் கட்டிய மொபெட்டோடு நின்றார். முகம் செத்துவிட்டது. மேடுகளை எப்படியாவது தாண்டினாலும் முகப்பில் காரைத் தாண்ட வழியில்லை. சத்யராஜ் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். ஜெயபிரியாதான் ரப்பர் டியூபை அவிழ்த்தார். ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு நேராகப் பூவரசன் நின்ற டைகர் மேட்டுக்குப் போனார்.

“அண்ணா, இதக் கொஞ்சம் புடிங்க. புடிச்சு அடுத்த மேட்டுல குடுத்துடுங்க.”

பூவரசனுக்குச் சும்மா நின்று அலுத்துப்போயிருந்தது. வாங்கினார், நடந்தார், வெள்ளிவிழாத் தம்பதிகளிடம் கொடுத்தார். அவர்கள் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு மாமனார் மேட்டில் கொடுத்தார்கள். அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறிப் போய்க்கொண்டே இருந்தன. குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக் குழந்தையைக் கொடுப்பதுபோலக் கொடுத்தார்கள். நான் கார் பக்கத்தில் நின்று வாங்கி, மெயின் ரோட்டில் நின்ற ஷேர் ஆட்டோவில் வைத்தேன். சாலம்மாள் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றுவிட்டார்.

“இம்மாம் மெல்லிசா இருக்குது. இதத்தான் தெனமும் எங்கூட்டுக்காரரு மேல ஏத்தி எறக்கிக்கினு இருந்தானா அந்தப் புள்ள” என்றார்.

ஒரு முட்டைகூட உடையவில்லை. சத்யராஜ் எண்ணிப் பார்த்துவிட்டு, “தெனமும் இப்படியே வந்துடணும்” என்று முருகேஷின் தோளில் தட்டினாராம். முருகேஷ் அழுதுவிட்டார் என்று ஆட்டோக்காரர் சொன்னார்.

ஆனால் தினமும் யார் வந்து மேட்டுக்கு மேடு நிற்பார்கள்? அன்று மாலைக் கூட்டத்தில் சாலம்மாளே எழுந்தார். “எங்கூட்டுக்காரரு மேட்டுல ஓரமா ஒரு வண்டி போற அளவுக்கு வெட்டி வுடுங்க. அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. உசுரோட இருந்தப்பவே ஒண்ணும் சொன்னதில்ல.” பூவரசனும் டைகர் சார்பில் சம்மதம் தெரிவித்தார். ஒவ்வொருவராக எழுந்து வெட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அந்தச் சங்கத்தில் சேர்ந்ததற்காக நான் சந்தோஷப்பட்ட ஒரே சாயங்காலம் அது. காரைக் கிரேன் வைத்துத் தூக்கிய அலுப்பில் இருந்த தலைவர் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார்.

“சங்கம் ஜனநாயக அமைப்பு” என்றார். “ரெண்டு தீர்மானம் இருக்குது. ஒண்ணு, எல்லா மேட்டுலயும் ஓரமா வழி வெட்டறது. இன்னொண்ணு, இன்னிக்கு நடந்த இந்த முட்டைச் சங்கிலிச் சாதனையோட நினைவா, முருகேஷ் வூட்டு வாசல்ல அவரு பேர்லயே ஒரு வேகத்தடை. இந்த வருஷத்துக்கு ஏதாவது ஒண்ணுதான் சங்கத்தால முடியும். எதுன்னு முருகேஷே சொல்லட்டும்.”

வீரமணி அதற்குள் ஒரு ஃப்ளெக்ஸை விரித்துவிட்டார். மத்தியானமே அடித்து வைத்திருக்கிறார், மனிதர். அதில் முருகேஷ் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நின்றார். எவருடைய உடம்போ, தலை மட்டும் அவருடையது. கீழே கொட்டை எழுத்தில் ‘முட்டை வணிகச் செம்மல் திரு. முருகேஷ் அவர்கள்’ என்று போட்டிருந்தது. யாரோ அவர் தோளில் பொன்னாடையைப் போட்டார்கள். மின்சாரக் கட்டண ரசீதைத் தவிர வேறு எங்கும் தன் பெயரை அச்சில் பார்த்திராத ஆள். ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய், “வழி கேளுங்க முருகேஷ், வழி” என்று காதில் சொன்னேன். தலையை ஆட்டினார். மைக்கை வாங்கித் தலைவரிடம் ஏதோ சொன்னார். அன்றைக்கென்று மைக் வேலை செய்யவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் திரும்பி நடந்தோம். வாசலில் ஜெயபிரியா காத்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குக் கிளம்பும்போது அவர் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: வழி கேளுங்க, வேற எதுவும் பேசாதீங்க.

“ஏங்க, என்னா ஆச்சு? வழி கேட்டீங்களா?”

முருகேஷ் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து மெதுவாக மடித்தார்.

“மேட்டுல எழுத இனிஷியல் கேட்டாங்க ஜெயா.”

“அதுக்கு?”

“சொல்லிட்டேன்.”